முத்திரை இல்லாத விலகல் கடிதம்

ஹார்லோ ஃபால்ஸ், நியூ ஹாம்ப்ஷயர்
ஏப்ரல் 6

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

அக்கா ஆல்மா எழுதுகிறேன். இடுப்பு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று இரண்டு வரியாவது எழுது. ஏரியில் பனிக்கட்டி நேற்று மதியம் உடைந்தது. எந்த நாளில் உடையும் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது. நீ போன பிறகு ஒன்பது வருடமாக ஹாலிஸ்தான் ஜெயிக்கிறான். நீ இல்லாத தைரியம்.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காதே. முடிவெட்ட உரிமம் வாங்க மாட்டேன் என்று இரண்டு முறை கோர்ட்டுக்குப் போய் நின்றானே ஹாலிஸ், அவன்தான் இப்போது எங்கள் சுதந்திரவாதிகள் கட்சிக்கு இந்த மாநிலத் தலைவர். கட்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. அவன் கடையில் இருக்கும் ஐந்து நாற்காலியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒரு நாற்காலி மிஞ்சும். அரசாங்கம் மனிதனைக் கொஞ்சம் சும்மா விட்டால் அவன் ஒழுங்காகத்தான் இருப்பான் என்று நம்புகிறவர்கள், அவ்வளவுதான்.

அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் வர வேண்டுமென்றால் மூவாயிரம் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போதே தொடங்கினால்தான் முடியும். ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடு ஜூலையில்தான். படிவத்தில் பெயரைக் காலியாக விடக் கூடாதாம். அதற்காக என்னிடம் வந்தான்.

"டீச்சர், பேரை மட்டும் குடுங்க. நாற்காலியில தொப்பிய வெச்சு இடம் பிடிக்கிற மாதிரி. ஜூலையில ஆள் வந்ததும் தொப்பிய எடுத்துக்கலாம்."

"உன் தொப்பிய வெச்சுக்கோயேன் ஹாலிஸ்."

"என் பேரைப் பார்த்தா எவன் கையெழுத்துப் போடுவான்? பாதிப் பேரு காதை நான் வெட்டியிருக்கேன். அதே பாதிப் பேருக்கு நீங்க பாடம் எடுத்திருக்கீங்க."

கொடுத்துவிட்டேன். ஆக, ஆகஸ்ட் பத்தாம் தேதி வரை உன் அக்கா அமெரிக்க அதிபர் பதவிக்கு வேட்பாளர். அதற்குள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் போதும்.

அதிபர் கையெழுத்துப் போட வேண்டிய உன் தண்டனைக் குறைப்பு மனுவைப் பற்றி வக்கீலிடம் கேட்டேன். இரண்டு வருடமாக வாஷிங்டனிலிருந்து வரும் அதே பதில்தான்: 'பரிசீலனையில் உள்ளது.'

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஆல்மா


மேற்கு வர்ஜீனியா
ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

நலம். முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, அதனால் இங்கே எனக்கு மரியாதை. நீ இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. பனி போன பிறகு படிக்கட்டில் ஈரம் இருக்கும், பார்த்து நட.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தேன். என் அறையில் இருக்கும் டெல்ராய் கேட்டான்: "உங்க அக்கா பிரசிடென்ட் ஆனா நம்மளயெல்லாம் முதல் நாளே வெளிய விட்ருவாங்களா?"

"விடுவா. ஆனா அதுக்கு முன்னாடி நீ எழுதின மனுவுல எழுத்துப் பிழை எல்லாம் திருத்தச் சொல்வா."

"அப்ப நான் உள்ளயே இருந்துக்கறேன் அண்ணே."

பக்கத்துப் படுக்கைக்காரன் வங்கியில் துப்பாக்கி காட்டியவன். போன வாரம் விடுதலையாகி வீட்டுக்குப் போனான். கொட்டகைக்குப் பின்னால் கஞ்சாச் செடி வளர்த்ததற்கு இருபது வருடம் வாங்கிய நான் அவனுக்கு ஜன்னலிலிருந்து கை அசைத்தேன்.

மரவேலைப் பட்டறையை விட்டுச் சமையலறைக்கு மாறிவிட்டேன். தட்டுக் கழுவுகிற வேலை. சும்மா ஒரு மாற்றத்துக்குத்தான். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. இங்கே காகிதம் தாராளம்.

மூவாயிரம் கையெழுத்தும் கிடைக்கட்டும்.

தம்பி,
ராய்ஸ்


ஹார்லோ ஃபால்ஸ்
ஜூலை 9

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உன் முழங்காலையும் மனதையும் நினைத்தபடியே இருக்கிறேன். பட்டறையை ஏன் விட்டாய்? பதினாறு வயதில் எனக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்தவன் நீ. தட்டுக் கழுவுவதில் உனக்கு என்ன மாற்றம் கிடைக்கிறது? கோபமில்லை, கேட்கிறேன்.

ஜூலை நான்காம் தேதி ஊர்வலத்துக்கு இரண்டு பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளர்களும் வந்தார்கள். இந்த மாநிலம் யார் பக்கம் போகும் என்று சொல்ல முடியாதாம், அதனால் எங்களுக்கு இவ்வளவு உபசாரம். செனட்டர் குழந்தைகளைத் தூக்கினார். கவர்னர் பிராக்கன் மக்காச்சோளம் கடித்தார். கவர்னர் என்னிடம் வந்து, "நான் உங்களுக்கு என்ன செய்யணும்மா?" என்று கேட்டார்.

"எதையெல்லாம் செய்யாம விடுவீங்கன்னு சொல்லுங்க," என்றேன்.

பாவம், அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சிரித்துவிட்டு அடுத்த கையைப் பிடித்தார்.

எனக்கு எப்போதும் தோன்றுவது இதுதான். ஒருவர் என் வலது கையைப் பிடித்து நடத்துகிறேன் என்கிறார். இன்னொருவர் இடது கை என்கிறார். இதற்குத்தான் இத்தனை மேளம், இத்தனை கொடி. உனக்கு நடக்கத் தெரியுமா என்று கேட்க ஒருவரும் இல்லை.

பள்ளியில் செப்டம்பர்தோறும் வகுப்புத் தலைவர் தேர்தல் வைப்பேன் அல்லவா? ஒரு வருடம் நீல் ஆர்சனோ என்ற பையன், "நான் ஜெயிச்சா எல்லாருக்கும் தினமும் சாக்லேட் பால்," என்றான். பெர்னிஸ் என்ற பெண், "நான் யாரோட டெஸ்க்கையும் திறந்து பார்க்க மாட்டேன்," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நீலுக்கு இருபத்திரண்டு ஓட்டு. பெர்னிஸுக்கு மூன்று, அதில் ஒன்று அவளுடையது. பால் எங்கே என்று கேட்டால் நீல் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்பான். பிறகு ஈஸ்டர் முடியட்டும் என்பான். முப்பத்து நான்கு வருடம் பாடம் எடுத்ததில் என் மனதில் நின்ற தேர்தல் வாக்குறுதி பெர்னிஸுடையது ஒன்றுதான்.

மாநாட்டில் அரிசோனாக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ஹாலிஸிடம் கொடுத்துவிட்டேன். தொப்பி வீட்டுக்கு வருகிறது.

அன்புடன்,
ஆல்மா


ஹார்லோ ஃபால்ஸ்
ஆகஸ்ட் 21

ராய்ஸ்,

நலம்தானே? உன்னிடமிருந்து நான்கு வரி அட்டை ஒன்றுதான் வந்தது. இருந்தாலும் நீ சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தொப்பி வீட்டுக்கு வரவில்லை.

விலகல் கடிதத்தில் நோட்டரி முத்திரை வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. நோட்டரி எங்கேயோ தூரத்தில் இல்லை, ஹாலிஸ் கடைக்கு எதிரே வங்கியிலேயே இருக்கிறாள். அவன் போகவில்லை. "நீங்கதான் நீங்கன்னு சொல்றதுக்கு அரசாங்கம் வந்து முத்திரை குத்தணுமா டீச்சர்? ஊருல உங்களத் தெரியாதவன் எவன்?" என்றான். அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டான். முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்தபோது கெடு முடிந்து இரண்டு நாள்.

அவனைத் திட்டலாம் என்று கடைக்குப் போனேன். வாயே திறக்க முடியவில்லை. முத்திரை எதற்கு என்று அவன் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "சரியாகச் சொன்னாய்," என்று கைதட்டினேன். இந்த மாதிரி ஒரு தவறை எங்கள் கட்சிக்காரர்கள் மட்டுமே செய்ய முடியும்.

அரிசோனாக்காரர் பெயர் இந்த மாநிலத்தில் மட்டும் சீட்டில் இருக்காது. என் பெயர் இருக்கும். வழக்குப் போடலாமா என்று கேட்டேன். அதற்குள் சீட்டு அச்சாகிவிடுமாம். இனி நானே வேண்டாம் என்றாலும் என்னை எடுக்க முடியாது. யாரையும் எதிலும் கட்டிப்போடக் கூடாது என்று சொல்கிற கட்சி என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

உன் எழுத்து அட்டையில் இன்னும் பெரிதாக இருந்தது. நான்கு வரியில் அட்டை நிறைந்துவிட்டது.

அக்கா


மேற்கு வர்ஜீனியா
செப்டம்பர் 5

அக்கா,

நான் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். காவலர் வந்து என்ன என்று கேட்டார். "எங்க குடும்பத்துல இன்னொரு ஆளும் உள்ள மாட்டிக்கிச்சு," என்றேன். டெல்ராய் உனக்கு ஓட்டுப் போடுகிறானாம். கைதிக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேன். "அதனாலதான் தைரியமாச் சொல்றேன்," என்கிறான்.

ராய்ஸ்


ஹார்லோ ஃபால்ஸ்
செப்டம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

உன் சுகத்தை எழுது. எனக்கு ஒன்றுமில்லை.

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நீ நட்ட மரம்தான் எப்போதும் போல முதலில்.

செய்தித்தாள் ஆட்கள் போன் செய்கிறார்கள். வெளிநாட்டுக் கொள்கை என்ன என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிக் குதிக்க மாட்டேன் என்றேன். அதைப் போட்டார்கள். இப்போது கருத்துக்கணிப்பில் எனக்கு நூற்றுக்கு இரண்டு பேராம். கவர்னருக்கும் செனட்டருக்கும் இடையே அதைவிடக் குறைவாகத்தான் வித்தியாசம்.

நீல் ஆர்சனோ வந்திருந்தான். சாக்லேட் பால் நீல்தான். இப்போது நாற்பது வயது. கவர்னர் பிராக்கனின் பிரசாரத்தில் இந்த மாநிலத்துக்கு இரண்டாவது ஆள். ஆப்பிள் பணியாரம் கொண்டு வந்தான். பள்ளிக்கூடக் கதைகள் பேசினோம். தேர்தலைப் பற்றியும் பேசினான். யாருக்கு ஓட்டுப் போடு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன் என்றேன். போய்விட்டான்.

இங்கே வேறு விசேஷம் இல்லை.

உன் மனுவின் எண் உன்னிடம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

ஆல்மா


மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 12

அக்கா,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீயும் நானும் அதில் நிறையப் பொய் எழுதியிருக்கிறோம்.

நீல் எனக்கும் கடிதம் போட்டிருக்கிறான். மரியாதையான கடிதம். எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. சின்னக் குற்றத்துக்குப் பெரிய தண்டனை பெற்றவர்களைப் பற்றிக் கவர்னருக்கு அக்கறை உண்டு என்கிறான். உங்கள் அக்கா மேடையில் கவர்னரை ஆதரித்து நான்கு வார்த்தை பேசினால் நல்ல எண்ணம் வளரும் என்கிறான். என் மனு எண்ணையும் எழுதியிருக்கிறான். நீ கொடுக்காமலே அவனிடம் இருக்கிறது.

அவன் உன்னிடம் இதைத்தான் சொன்னான், இல்லையா? பணியாரத்தோடு வந்ததை எழுதினாய், இதை எழுதவில்லை. ஏன் என்று தெரியும். நான் ஆசைப்படக் கூடாது என்று நினைத்தாய்.

நானும் ஒன்று எழுதவில்லை. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்கிறது. பட்டறையில் ரம்பம் தெரியவில்லை, அதனால்தான் தட்டுக்கு மாறினேன். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு கறை. மருத்துவர் ஒரு வருடம் என்றார், இன்னொருவர் இரண்டு என்றார்.

பழைய ராய்ஸாக இருந்தால், 'வேண்டாம் அக்கா, யார் காலிலும் விழாதே,' என்று எழுதியிருப்பான். நீ அந்தப் பதிலைத்தான் எதிர்பார்ப்பாய். ஒன்பது வருடத்துக்கு முன் கோர்ட்டில் அரசாங்க வக்கீல் ஒரே கேள்வியைப் பதினொரு முறை கேட்டார்: "செடியை யாருக்குக் கொடுத்தாய்? சொன்னால் பாதித் தண்டனை." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை உனக்கு நினைவுபடுத்த இதை எழுதவில்லை.

இல்லை. நினைவுபடுத்தத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வெளியே வரணும் அக்கா. அந்த மரம் சிவப்பாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்போதே வரணும்.

ராய்ஸ்


ஹார்லோ ஃபால்ஸ்
அக்டோபர் 26

என் தம்பிக்கு,

பேசிவிட்டேன்.

நான் பாடம் எடுத்த அதே பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடம். நீல் ஒரு தாளைக் கையில் கொடுத்தான். "டீச்சர், அப்படியே படிச்சாப் போதும். ஒண்ணும் சேர்க்காதீங்க," என்றான். நான் ஒரு காலத்தில் அவனுக்குச் சொன்னதையே எனக்குச் சொன்னான். நான்கு வரி. 'சுதந்திரத்தை நேசிப்பவர்கள் இந்த முறை கவர்னர் பிராக்கனை நம்பலாம். என் பெயருக்கு வாக்களிக்க வேண்டாம்.' படித்தேன். கைதட்டினார்கள்.

கவர்னர் என் கையைப் பிடித்து, "உங்க குடும்பக் கஷ்டம் எனக்குத் தெரியும்மா," என்றார். கை கதகதப்பாக இருந்தது. கண் எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹாலிஸ் கடைசி வரிசையில் நின்றிருந்தான். வெளியே வந்ததும் கேட்டான்: "டீச்சர், மனுசன் தன் வேலையச் செய்ய யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்னு நீங்க வகுப்புல சொன்னீங்க. அத நம்பித்தான் நான் லைசென்ஸ் வாங்காம நின்னேன்."

"தெரியும் ஹாலிஸ்."

"ராய்ஸுக்காகவா?"

"ஆமா."

"அப்ப சரி," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் பார்த்தேன். கடை வாசலில் எனக்கு ஓட்டுக் கேட்கும் பலகை அப்படியேதான் இருந்தது. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு மனிதரின் பேனா முனையில் இன்னொரு மனிதனின் கதவு தொங்கக் கூடாது என்று பாடம் எடுத்தவள் நான். இன்று அந்தப் பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் கடிதங்களைச் சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இத்தனை வருடம் ஒன்றை எழுதவில்லை. என் மேல் வழக்குப் போடும் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்று வக்கீல் சொல்லி நான்கு வருடமாகிறது. அதன் பிறகும் எழுதவில்லை. அதற்குச் சட்டம் காரணமில்லை. இப்போது எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் கணவன் எஸ்ரா புற்றுநோயில் கிடந்த கடைசிக் குளிர்காலம் ஒரு வாய் தண்ணீர் கூட உடம்பில் தங்கவில்லை. நீ கொண்டு வந்த இலையைப் புகைத்த பிறகு சூப் குடித்தான். நான் கையால் வாங்கி, கையால் சுருட்டிக் கொடுத்தேன். பதினொரு முறை அவர்கள் கேட்ட பெயர் என்னுடையது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கவில்லை.

நான்கு வரி படித்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே.

உன் எழுத்து பெரிதாவதை ஏப்ரலிலேயே பார்த்தேன். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.

அக்கா


ஹார்லோ ஃபால்ஸ்
நவம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கண் எப்படி இருக்கிறது? வேறு எதையும் எழுதாவிட்டாலும் அதை எழுது.

உனக்கும் தெரிந்திருக்கும். கவர்னர் பிராக்கன் ஜெயித்துவிட்டார். இந்த மாநிலத்தில் அறுநூற்றுப் பதினொரு ஓட்டு வித்தியாசம். எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்ன பிறகும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு பேர் எனக்குப் போட்டிருக்கிறார்கள். பெர்னிஸ் எழுதியிருந்தாள். 'நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை டீச்சர், மன்னிக்கவும். யார் சொன்னாலும் நீயே யோசி என்று சொன்னதும் நீங்கள்தான்.' அந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருக்க முடியவில்லை. உள்ளே வைத்துவிட்டேன்.

நீலைக் கூப்பிட்டேன். "ஜனவரியில பதவி ஏற்கட்டும் டீச்சர். அதுக்கப்புறம்," என்றான்.

உன் அறையை வெள்ளையடித்திருக்கிறேன். மரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஆல்மா


மேற்கு வர்ஜீனியா
ஜனவரி 30

அக்கா,

சுகம்தான். வலது கண்ணின் ஓரத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. தலையைச் சாய்த்தால் தெரியும். டெல்ராய் என்னைக் கோழி என்று கூப்பிடுகிறான்.

மூட்டை கட்டி வைத்துவிட்டேன். பிறகு பிரித்துவிட்டேன். மறுபடியும் கட்டினேன்.

பதவியேற்று பத்து நாள்தானே ஆகிறது. பார்ப்போம்.

ராய்ஸ்


ஹார்லோ ஃபால்ஸ்
மே 8

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ மூன்று மாதமாக எழுதவில்லை. நலமில்லை என்றாவது எழுது.

என்னை அதிபருக்காகப் பேசும் 'குடிமக்கள் குழு' ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். மார்ச்சில் மெய்ன் மாநிலத்தில் பேசினேன். ஏப்ரலில் வெர்மான்ட். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீல் ஒரு தாளோடு வருகிறான். ஒவ்வொரு முறையும் உன் மனுவைப் பற்றிக் கேட்கிறேன். "மேசைக்கு வந்துடுச்சு டீச்சர். இந்தச் சட்டம் நிறைவேறட்டும்." அடுத்த முறை: "கோடை விடுமுறை முடியட்டும்."

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு சொல்ல மறந்துட்டியே நீல்," என்றேன்.

சிரிக்காமல், "அதுக்குள்ள ஆகிடும் டீச்சர்," என்றான். அவனுக்கு நினைவே இல்லை.

போகாமல் இருக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். போகாத அந்த ஒரு கூட்டத்தால்தான் உன் கோப்பு அடியில் போய்விட்டது என்று ஆகிவிட்டால்? அதனால் போகிறேன். வாக்குச்சீட்டிலிருந்தாவது நவம்பரோடு என் பெயர் இறங்கிவிட்டது. இது இறங்காது போலிருக்கிறது.

ஹாலிஸ் காரில் கொண்டுபோய் விடுகிறான். உள்ளே வருவதில்லை.

போன வாரக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மேற்கு வர்ஜீனியா
ஜூன் 2

அன்புள்ள அக்கா,

இதை நான் சொல்லச் சொல்ல டெல்ராய் எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவனைத் திட்டு. உன் திட்டைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நீ சுகமாக இருக்கிறாயா? இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன், இந்த முறை அதுவும் உண்மை.

தொலைக்காட்சியில் வந்தாய். எல்லோரும் என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, வெளிச்சமாக ஒன்று அசைந்தது. குரல் மட்டும் கேட்டது. புதுச் சட்டத்தைப் பற்றிப் பேசினாய். 'கடுமையான தண்டனைதான் பாதுகாப்பு,' என்று ஒரு வரி. அறையில் நாற்பது பேர் இருந்தோம். டெல்ராய்தான் என் தோளைத் தொட்டு, "அண்ணே, அது உங்க அக்கா இல்ல. தாளுதான் பேசுது," என்றான்.

நீ தாளைப் பார்த்துப் பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. எஸ்ராவைப் புதைத்த அன்று கூட நீ தாள் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று கோர்ட்டில் நான் வாயை மூடியிருந்தது முழுக்க உனக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் உனக்காக. என் வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்பதை இன்னொருவன் விலை பேசக் கூடாது என்பது மீதிப் பாதி. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உனக்கே தெரியும். பிறகு அக்டோபரில் நானே உன்னை விலைக்குக் கேட்டேன். நீ வருத்தப்பட வேண்டாம், கேட்டவன் நான்.

மனு இருக்கும் வரை நீல் தாளோடு வருவான். நீயும் போவாய். என்னால் உன்னைத் தடுக்க முடியாது, உன் பிடிவாதம் தெரியும். அதனால் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அது என் பெயரில் இருப்பது, நான்தான் எடுக்க முடியும். அதிகாரி, "நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். டெல்ராய் என் விரலைக் கோட்டின் மேல் வைத்தான், கையெழுத்துப் போட்டேன். முத்திரை வேண்டுமா என்று நானே கேட்டு, அவர் முன்னாலேயே குத்தி வாங்கினேன். தடவிப் பார்த்தேன், அழுத்தமாக விழுந்திருந்தது. ஹாலிஸிடம் சொல், விலகல் கடிதம் என்றால் இப்படிக் கொடுக்க வேண்டும்.

நன்னடத்தைக்குக் கழித்தது போக எட்டு வருடம்தான் மிச்சம். அந்த மரம் அதற்குள் எங்கும் போய்விடாது.

கண்ணின் ஓரத்தில் இருக்கிற வெளிச்சம் இந்தக் கோடை வரை தாங்கும் என்கிறார்கள். ஹாலிஸைக் காரை எடுக்கச் சொல். உன் சிவப்புக் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வா, ஜூலை வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை. சிவப்பு இன்னும் தெரிகிறது.

கையில் எந்தத் தாளும் வேண்டாம்.

தம்பி,
ராய்ஸ்